இடது கையில் இருந்த காசு

வடிவு,

இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. ஹாஸ்டலுக்குப் போய், முகம் கழுவி, வயிற்றுக்கு எதையாவது போட்டுவிட்டு, அறையில் மற்றப் பெண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. நீளமாகத்தான் எழுதப்போகிறேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது என்று நீ சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். கூட்டியே படி. இங்கிலீஷில் எழுதினால் ஃபேக்டரிக்கு மெமோ எழுதுவது மாதிரி வந்து தொலைகிறது. இந்தியில் எழுதலாம் என்றால், என் இந்தியைக் கேட்டு உன் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ புனேயில் பூத்தில் நின்று பேசினாய். நான் பக்கத்து வீட்டு சரோஜாகாருவின் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஹாலில் நின்றேன். டீவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு ஜனம் மொத்தமும், கீழ் வீட்டு ஜனமும் சேர்ந்து, தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனில் நீ அழுகிறாய், இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் என்னத்தைப் பேச? "சரிம்மா, ஆகட்டும்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரோஜாகாரு என் முகத்தைப் பார்த்து, "ஏமண்டி, பெள்ளி பனுலா?" என்று கேட்டார். ஆமாம், கல்யாண வேலைதான் என்று சொல்லிவிட்டு நம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நீ என்ன நினைத்திருப்பாய்? அப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்றுதானே? இல்லை வடிவு. அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று முதலில் எழுதிவிடுகிறேன். பெண்ணழைப்பு அன்று உடுத்த அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றாய். ஏன் என்று கேட்டேன். "அதைக் கட்டிக்க எனக்கு யோக்கியதை இல்லப்பா" என்றாய். அந்தக் கடைசிக் கொலு அன்றைக்கு, "நான்தான்ப்பா எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் அம்மா எடது கையப் பாக்காதீங்க, கீழ பாக்காதீங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. கீழ் வீட்டுப் பிண்ட்டு போட்டு உடைச்சிட்டான். அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் உள்ள ஓடிட்டேன். அதத் தெரிஞ்சுக்கிட்டேதான அம்மா போனா" என்றாய். இவ்வளவு காலம் இதை மனசில் வைத்துக்கொண்டா, பெண்ணே, நீ பரீட்சை எழுதினாய், வேலைக்குப் போனாய், எனக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினாய்? நீ சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. பிண்ட்டு வாயைத் திறந்ததற்கும் நீ உள்ளே ஓடியதற்கும் நடுவில் நடந்தது. நான் அடுக்களை வாசலில் சுண்டல் குண்டானோடு நின்று அதைப் பார்த்தவன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் வரும், பொறுத்துக்கொள்.

உன் அம்மா கல்யாணமாகி இந்த ஐதராபாத்துக்கு வந்தபோது சங்கரன்கோவிலைத் தாண்டி ஒரு பாஷை கேட்டதில்லை. ஃபேக்டரி காலனி அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பிளாக்கில் கீழே ஒரு சர்தார்ஜி குடும்பம், பக்கத்தில் சரோஜாகாரு, மேலே ஒரு வங்காளிக் குடும்பம். நான் காலையில் ஷிஃப்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன். அதுவரை கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மௌலா அலி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "யாரோடயாவது பேசேன்" என்பேன். "என்னத்தைப் பேச? ஹவ்னா ஆமான்னு தெரியும். நக்கோன்னா வேண்டாம்னு தெரியும். இது ரெண்டையும் வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் பேசுவாக?" என்பாள். நியாயமான கேள்விதான். அந்தத் தை மாதம் அவளை நுமாயிஷ் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பளிக் கடை, வளையல் கடை எல்லாம் தாண்டி ஓரமாக ஒரு ஆள் மேஜிக் பெட்டி விற்றுக்கொண்டிருந்தான். பெட்டி வாங்க ஆள் சேர்ப்பதற்காக ஒரு காசை வைத்து வேடிக்கை காட்டினான். இடது கையில் காசு. வலது கையால் அதை எடுப்பான், மூடுவான், ஊதுவான், திறந்தால் ஒன்றும் இருக்காது. அப்புறம் முன்வரிசையில் நிற்கிற பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து அதே காசை எடுப்பான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செய்தான். ஐதராபாத் ஆள் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும், கூட்டமே அவன் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நானும்தான். எனக்குக் கால் வலித்தது, மிர்ச்சி பஜ்ஜி வாசம் வேறு இழுத்தது, வா போகலாம் என்று கோமதியைக் கூப்பிட்டேன். அவள் நகரவில்லை. அவன் மறுபடி மறுபடி செய்தான், அவள் மறுபடி மறுபடி பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "காசு எடக் கையிலயேதாங்க இருக்கு" என்றாள். என்ன சொல்லுகிறாய் என்று கேட்டேன். "அவன் வலக் கையால எடுக்கவே இல்ல. எடுக்குற மாதிரி வாரான். பெருவிரல் காசுக்கு அடியில போகுது, மத்த விரல் மேல மறைக்குது. அந்நேரம் காசு எடக் கைக்குள்ளயே விழுந்திருது. வலக் கை சும்மா மூடிக்கிட்டுப் போகுது. அவன் அதையே பாக்குதான், நீங்களும் அதையே பாக்குதீங்க." எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் தரம் பார்க்கிற செக்‌ஷனில் வேலை செய்கிறவன், ஒரு மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன், எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்றேன். "அவன் பேசுனது உங்களுக்குப் புரிஞ்சுது. எனக்கு ஒரு எழவும் புரியல. நான் கையை மட்டுந்தான் பாத்தேன்" என்றாள். நாங்கள் பெட்டி வாங்கவில்லை. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

பிறகு தினமும் மத்தியானம் அதே வேலை. கட்டிலில் மெத்தைக்கு மேலே கையை வைத்துச் செய்வாள், காசு தவறினாலும் சத்தம் கேட்காது என்று. சின்னக் காசு கையில் நிற்காது, பெரிய ஒரு ரூபாய்க் காசுதான் சரி என்று அவளே கண்டுபிடித்தாள். காசை இறுக்கிப் பிடித்தால் கை காட்டிக்கொடுத்துவிடும், விரல் மடிப்பில் சும்மா கிடக்கவிட வேண்டும், கை தூங்குகிற மாதிரி தொங்க வேண்டும் என்பாள். எல்லாவற்றையும்விட முக்கியம் கண். வலது கையில் காசு இருக்கிறது என்று முதலில் தானே நம்ப வேண்டுமாம். "நான் பாக்குற எடத்தைத்தான் எதிராளி பாப்பாக. நான் எடக் கையை ஒரு தரம் பாத்துட்டா போச்சு." சாப்பாடு போடும்போதுகூட அந்தக் கண்ணைப் பழகுவாள். குழம்பை என் இலையில் ஊற்றிக்கொண்டே வெறும் வலது கையை அப்படி ஒரு அக்கறையாகப் பார்ப்பாள். நான் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவேன்.

காலனியில் நவராத்திரி என்றால் பெண்கள் ஒருவர் வீட்டுக் கொலுவுக்கு ஒருவர் போவதும், போன இடத்தில் பாட்டுப் பாடச் சொல்வதும் உனக்குத் தெரிந்ததுதான். பாடாமல் விடமாட்டார்கள். அந்த வருஷம் ஆபீசர் வீட்டம்மா ஒருவர், நம் தமிழ் ஆள்தான், புதுப்பெண் பாடியே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். உன் அம்மாவின் குரல் உனக்கு நினைவிருக்குமே, தாலாட்டினால் தூங்குகிற பிள்ளை முழித்துக்கொள்ளும். "ரெண்டு வரி போதும்மா" என்று அந்த அம்மா விடவில்லை. கோமதி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள் என்று சரோஜாகாரு பிற்பாடு சொன்னார். அப்புறம் மடியில் இருந்த தாம்பூலத்தைப் பிரித்து, வெற்றிலைமேல் வைத்திருந்த காசை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்த வித்தையைச் செய்துவிட்டாள். மேல்வீட்டு வங்காளிக் குழந்தையின் காதிலிருந்து காசை எடுத்ததும் அது தன் இன்னொரு காதையும் நீட்டியதாம். மறுநாள் சாயங்காலம் நான் வருகிறேன், நம் வீட்டு வாசலில் அத்தனை வாண்டுகளும் நிற்கின்றன. "சிக்கா ஆன்ட்டி, சிக்கா ஆன்ட்டி" என்று கூப்பிடுகின்றன, காசு ஆன்ட்டியாம். அவர்கள் அம்மாக்கள் பின்னாலேயே வந்தார்கள். ஒருத்தி ரொட்டி தேய்க்கச் சொல்லிக்கொடுத்தாள், ஒருத்தி கோங்குராக் கீரை கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு உன் அம்மா ஜன்னலில் நின்று நான் பார்க்கவில்லை.

நீ பிறந்த பிறகு அவளுக்கு ஒரே காதுதான், உன் காது. எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தாலும் கடைசியில் காசு உன் காதுக்குப் பின்னாலிருந்துதான் வரும். பேக்கிங் பெட்டிப் பலகையில் நான் அடித்த கொலுப்படிக்குப் பக்கத்தில் நீ பாவாடையைப் பரப்பிக்கொண்டு, மகாராணி கணக்காக உட்கார்ந்து, காதைக் காட்டுவாய். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, நீ பொலாரத்தில் பள்ளிக்கூடம் மாறிய வருஷம் வரைக்கும். அந்த வருஷக் கொலுவுக்கு உன் புதுப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வந்தார்கள். அம்மாவை நீ எப்படிப் பெருமையடித்து வைத்திருந்தாயோ தெரியவில்லை, வந்ததும் வராததுமாகக் காசு, காசு என்றார்கள். கோமதி செய்தாள். இடது கையிலிருந்து காசு நழுவித் தரையில் டங்கென்று விழுந்தது. சிரித்துவிட்டு மறுபடி செய்தாள், மறுபடியும் விழுந்தது. உன் சிநேகிதிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் தரம் அவள் காசை எடுக்கக் குனிந்தபோது நீ எழுந்து போய், "நக்கோ அம்மா, போதும்" என்று அவள் கையைத் தட்டிவிட்டாய். அவள், "தாளிச்ச எண்ணெய்க் கை, வழுக்குது" என்று முந்தியில் துடைத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கோமதிக்கு வயசாயிட்டு" என்று கேலி பேசினேன். அவளுக்கு அப்போது தலையில் ஒரு நரை கிடையாது.

நீ கல்யாணம் ஆகிப் போகிறவள் என்பதால் இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அப்பா உபதேசம் ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தாலும் சரி. வீட்டில் யாராவது எதையாவது கீழே போட்டால் விழுந்த சாமானைப் பார்க்காதே. போட்டவர்கள் முகத்தைப் பார். நான் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் சாமானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர் விழுந்தது, டம்ளரைப் பார்த்தேன். மாவுச் சட்டி விழுந்தது, சட்டி நசுங்கியதே என்று கத்தினேன். இட்லித் துணியை அவளால் பிழிய முடியவில்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். அவள் பயந்துபோய் நின்றாள். அப்புறம் ஆஸ்பத்திரி, வேலூர், மறுபடி இங்கே. நரம்பு நோய், மருந்து கிடையாது, கையில் ஆரம்பித்து மெதுவாக ஏறும் என்றார்கள். முன்னமே வந்திருந்தால் என்று கேட்டேன். முன்னமே வந்திருந்தாலும் இதேதான் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன்.

அடுத்த கொலுவுக்குள் அவளை நாற்காலியில் உட்கார்த்தி வைக்கிற நிலைமை வந்துவிட்டது. இடது கை சுத்தமாக அசையவில்லை. வலது கை கொஞ்சம் கேட்கும். இந்த வருஷம் கொலு வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. படி அடி, பொம்மையை எடு, சுண்டலுக்குப் போடு என்று நாற்காலியிலிருந்தே என்னை விரட்டினாள். எல்லாம் செய்தேன். கடைசியில், "பிள்ளைகளுக்குக் காசு செஞ்சு காட்டப்போறேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிடிக்கவே கை இல்லாதபோது என்னத்தைக் காட்டுவது, ஏன் இந்த வீம்பு, பிள்ளைகள் சிரிக்கும், வடிவு அழுவாள் என்று சத்தம் போட்டேன். அவள் நான் கத்தி முடிகிறவரை இருந்துவிட்டுச் சொன்னாள்: "போன வருசம் அரைகுறையா நின்னுட்டுங்க. என் கையைத் தட்டுனது அவளுக்கு உறுத்திக்கிட்டே கெடக்கு. என் எடக் கையை அவ நேராப் பாக்க மாட்டேங்கா, கவனிச்சீங்களா? ஒரு தரம் செஞ்சு முடிச்சிருதேன். அவ காதுல காசை எடுத்துட்டேன்னா அவளுக்குச் சரியாப் போயிரும்." அவள் அதைச் செய்ய நினைத்தது பிள்ளைகளுக்காக இல்லை, உனக்காக. இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் பிளாக் பிள்ளைகள் மொத்தமும் வந்து உட்கார்ந்தார்கள். நீ அவர்களை முன்கூட்டியே மாடிப்படியில் கூட்டிவைத்துப் பேசியது எனக்கு அப்போது தெரியாது. உன் சிநேகிதிகள் யாரையும் நீ கூப்பிடவில்லை. நீ ஓரமாக, சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாய். காசை நான்தான் அம்மாவின் இடது விரல்களுக்கு நடுவில் செருகினேன். அவள் வலது கை மெதுவாக வந்தது, நடுங்கிக்கொண்டு வந்தது, எடுக்கிற மாதிரி மூடியது. அந்த நேரத்தில் இடது கையிலிருந்து காசு நழுவி அவள் மடியில் விழுந்தது. அரக்குப் பட்டுமேல் வெள்ளைக் காசு, பளிச்சென்று கிடந்தது. ஆமாம், அந்தப் புடவைதான். அவள் கண் வலது கையை விட்டு நகரவில்லை. நான் பிள்ளைகளைப் பார்த்தேன், யாராவது சிரித்தால் முதுகில் ஒன்று வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு பிள்ளைகூட மடியைப் பார்க்கவில்லை. அத்தனையும் அந்த வெறும் வலது கையையே கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வலது கையைத் திறந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் நின்றதும் சர்தார்ஜியின் கடைக்குட்டி பிண்ட்டு உன் பக்கம் திரும்பி, "தீதீ, அப் நீச்சே தேக்கூம்?" என்று கேட்டான். அக்கா, இனிமேல் கீழே பார்க்கலாமா என்று.

உன் கதை இங்கே முடிந்துபோகிறது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, நான் உள்ளே ஓடினேன் என்கிறாய். நீ உடனே ஓடவில்லை வடிவு. முகம் வெளிறிப்போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா மடியில் கிடக்கிற காசை எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுக்கு உன் காதுவரை கை எட்டியிருக்கவும் செய்யாது. நான் குண்டானைக் கீழே வைத்துவிட்டு உதவிக்கு வரலாமா என்று யோசித்தேன். அதற்குள் நீ எழுந்தாய். அவள் பக்கத்தில் போய், புடவை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, காசை எடுத்தாய். எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டாய். வலது கையை எல்லாருக்கும் விரித்துக் காட்டினாய், ஒன்றும் இல்லை என்று. அப்புறம் இடது கையை அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், அவள் காதுக்குப் பின்னாலிருந்து காசை எடுத்தாய். உன் அம்மாவின் காதிலிருந்து. அது வரைக்கும் யாரும் செய்யாத வித்தை அது. மோசமாகச் செய்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். காசு உன் விரல் இடுக்கில் முக்கால்வாசி தெரிந்துகொண்டிருந்தது. உன் கண் வேறு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் கோமதி அந்தக் கையைப் பார்க்கவில்லை. நீ விரித்துக் காட்டிய வெறும் வலது கையையே பார்த்தாள். காசு வந்ததும், நிஜமாகவே அதிர்ந்துபோனவள் மாதிரி, ஆ என்று வாயைத் திறந்தாள். அதற்கப்புறம்தான் நீ அவள் மடியில் காசைப் போட்டுவிட்டு, என்னையும் குண்டானையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாய். சுண்டல் சிதறியது. அன்றைக்கு நான் சுண்டலைப் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள், நான் மறைக்கவில்லை. பிள்ளைக்கு வெட்கமாக இருந்திருக்கும், அதனால் அப்படிச் சொல்லிவைத்திருக்கும், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். "வெக்கமாத்தான் இருந்திருக்கும். ஒம்போது வயசுப் பிள்ளைக்கு வெக்கம் இருக்காதா? எனக்கே என் கையப் பாத்தா வெக்கமா இருக்கு. அம்புட்டு வெக்கத்தோட எந்திரிச்சு வந்தாளே, அதப் பாத்தீங்களா நீங்க?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என் வலக் கையைப் பாக்க வச்சேன். அவ பிளாக் பிள்ளைக கண்ணையே மொத்தமாத் திருப்பிட்டா. என்னைவிடப் பெரிய கைகாரி அவ" என்றாள். அப்புறம், "எனக்குத் தெரியும்னு அவட்ட சொல்லிராதீங்க. நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். அது அவளுக்கு வேணும்" என்றாள். நானும் சரி என்றேன்.

அந்த ஒரு சரியை நான் இத்தனை காலம் காப்பாற்றிவிட்டேன். அவள் போன பிறகும், நீ வளர்ந்த பிறகும். நீ நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். பிண்ட்டு கேட்டதே உன்னைத்தான், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கும் தெரியும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. நம் வீட்டில் இதுதான் வியாதி. நீ அவளைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தாய், அவள் உன்னைக் காப்பாற்றப் பேசாமல் போனாள், நான் இரண்டு பேரையும் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை நல்ல பையனாகத்தான் தெரிகிறார். அவரோடு இப்படி இருக்காதே. வெட்கமாக இருந்தால் வெட்கமாக இருக்கிறது என்று சொல். நான் உன்னிடம் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான். அவள் கேட்டுக்கொண்டதை இன்று மீறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழுததை அவள் கேட்டிருந்தால் என்னை மீறச் சொல்லியிருப்பாள்.

இன்னும் ஒன்று. அன்றைக்கு அவளைக் கட்டிலில் படுக்கவைக்கும்போது, "அந்தக் காசை எடுங்க" என்றாள். எடுத்தேன். "இந்தப் பட்டு முந்தியில வச்சு முடிங்க" என்றாள். நான் முடிந்ததைப் பார்த்து, "சீலையில போடுற முடிச்சு மாதிரியா இருக்கு, மாட்டுக்குக் கட்டுற முடிச்சு" என்று குறை சொல்லி, மறுபடி அவிழ்த்து முடியச் சொன்னாள். "அவ இதை உடுத்துற அன்னிக்கு அவுக்கட்டும். வேற யாரும் தொடப்பிடாது" என்றாள். வருஷா வருஷம் நவராத்திரி கழிந்து அந்தப் புடவையை வெயில் படாமல் காயப்போடுகிறேன், மடிப்பை மாற்றி வைக்கிறேன். முடிச்சைத் தொட்டதில்லை. அந்த இடத்தில் பட்டு சுருங்கிக் கறுத்துப்போயிருக்கிறது. சலவைக்குக்கூடப் போடவில்லை. அவள் தேய்த்துக்கொண்ட சந்தனமோ, அவள் கைக்குப் போட்ட தைலமோ, ஏதோ ஒரு வாசனை அதில் மட்டும் இன்னும் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. எனக்கு மூக்கு சரியில்லை, நீ வந்து பார்த்துச் சொல்.

உடுத்து என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் யோக்கியதை இல்லை என்று மட்டும் சொல்லாதே. அதை முடிவு செய்ய வேண்டியவள் முடிவு செய்து, என் கையால் முடிச்சுப் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கல்யாண மண்டபத்துக்குப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வருகிறேன். அங்கே உன் அறையில் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன், நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன். முடிச்சு இறுகிப்போயிருக்கிறது, பல்லால்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும். அவிழ்க்கும்போது காசு தவறிக் கீழே விழுந்தாலும் பரவாயில்லை. நான் காசைப் பார்க்க மாட்டேன், வடிவு. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா